நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி

எப்போதும் எனக்கு முந்தி பஸ்ஸில் ஏறி, எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைக்கிற என் ஈஸ்வரி அக்காவுக்கு,

இதை எழுதுவதற்கு உட்கார்ந்தேன், எழும்பினேன், மறுபடி உட்கார்ந்தேன். கதிரை சரியில்லை என்று மாற்றினேன். காற்றாடி சத்தம் போடுகிறது என்று நிறுத்தினேன். வியர்த்ததும் திரும்பப் போட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "கமீலா, ஒண்டில் இரு, இல்லாட்டிப் போ. என்னையும் சேத்து விசராக்காத" என்று கத்தியிருப்பீர்கள்.

கொழும்பிலிருந்து, நமக்கு உதவி தருகிற நிறுவனத்துப் பிள்ளை கோல் எடுத்தாள். அவர்களுடைய ஆண்டறிக்கையில் உங்கள் நினைவாக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். "அந்தக் கைக் கதையை எழுதித் தாங்க மிஸ். அதுதான் எல்லாருக்கும் பிடிக்கும்" என்றாள். அப்படித்தான் அதற்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கைக் கதை. நானும் சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஆனால் எழுத முடியவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கதையாக அது இப்போது இல்லை, அக்கா. நீங்கள் விட்டுப்போன இடத்தில் அது நிற்கவில்லை. அதனால் முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

மற்றவர்களும் இதை வாசிப்பார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த சிலதையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தீவின் பெயரை எழுதவில்லை. கல்பிட்டியிலிருந்து போட்டில் போகிற ஒரு தீவு என்று மட்டும் இருக்கட்டும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இரண்டு வீட்டிலும் கேட்டேன். இரண்டு வீட்டிலும் "எழுதுங்க" என்றுதான் சொன்னார்கள். ஒரு வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்கள்.

நாங்கள் மூன்று பேர். நீங்கள், நான், சுனில் ஐயா. புத்தளத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இரண்டு அறை. சண்டை பிடித்தவர்களைக் கூப்பிட்டு, எதிரெதிரே உட்காரவைத்து, அவர்களே கதைத்து ஒரு முடிவுக்கு வரும்வரை கூடவே இருப்பது நம் வேலை. தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. வேலி, வலை, கிணறு, குழம்பிப்போன கலியாணம், உப்பு வயலுக்குப் போகிற பாதை, எல்லாம் வந்தது. உங்கள் ஊர் உடப்பு. நான் கரைத்தீவு, ஸ்கூல் டீச்சர்; வடக்கிலிருந்த முஸ்லிம்களை இயக்கம் வெளியேற்றியபோது வந்து இங்கே குடியேறிய குடும்பம். சுனில் ஐயா சிலாபம் பக்கத்துச் சிங்களவர். தபால் கந்தோரில் வேலை செய்த காலத்தில், கடிதம் கொண்டுபோன வீடுகளில் தமிழ் பழகியவர்.

உங்களைப் பொறுமையின் சிகரம் என்று செத்த வீட்டில் எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. மரக்கறிக் கடைக்காரனோடு சண்டை. கொண்டக்டரோடு, சிங்களத்தில், நான் காதைப் பொத்துகிற வார்த்தைகளில் சண்டை. என்னிடம் வாங்கிய குடை ஒன்றும் திரும்பி வந்ததில்லை. ஆனால் இரண்டு தரப்பும் வந்து உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் வேறு ஆள். உங்களால் எப்படி அவ்வளவு நேரம் ஒன்றும் பேசாமல் இருக்க முடிந்தது? எனக்கு வரவில்லை, அக்கா. எத்தனையோ முறை முயற்சி செய்தும் வரவில்லை.

அந்தத் தீவில் நடந்தது இதுதான். விடிந்து கொஞ்ச நேரத்தில் அந்தோனி களப்புக் கடலில் நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்தார். அதே தீவில் தொழில் செய்கிற பையன் றிஸ்வானுடைய போட் வேகமாக வந்து அவருடைய போட்டின் பக்கத்தில் அடித்தது. போட்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய வலது கை இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது. புத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள், பிறகு கொழும்புக்கு. கை போய்விட்டது.

அதற்கு முந்திய கிழமைதான் றிஸ்வானுடைய வலையை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தோனியின் தம்பி ஜூட்தான் வெட்டியது என்று அவன் இறங்குதுறையில் நின்று கத்தியிருக்கிறான். அதனால்தான் ஊர் இரண்டாகியது. பொலிசில் விபத்து என்று எழுதினார்கள். றிஸ்வானும் அதையே சொன்னான்: "வெயில் கண்ணில அடிச்சிச்சி. நான் அவரக் காணல்ல." பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் அவன் சொன்னதை நம்பினார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் நம்பவில்லை. யாரும் திட்டமிட்டு அப்படிப் பிரியவில்லை, ஆனால் பிரிந்துவிட்டது. போன்களில் என்னென்னவோ எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். அப்போதுதான் தீவிலிருந்து நமக்கு ஆள் வந்தது.

பாலர் பாடசாலையில் கூட்டம். வேறு பொது இடம் இல்லை. சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் பெரிய ஆட்கள் முழங்காலை நெஞ்சில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுனில் ஐயா உட்கார்ந்தால் எழும்பமாட்டேன் என்று சுவரோடு நின்றார். ஒரு பக்கம் அந்தோனி, அவருடைய மனைவி ரீட்டா, தம்பி ஜூட். மறுபக்கம் றிஸ்வான், அவனுடைய உம்மா ஆமினா. வாப்பா இல்லாத பையன், உம்மாதான் எல்லாம். றிஸ்வான் மன்னிப்புக் கேட்டான். மனப்பாடம் செய்துகொண்டு வந்தது போலத்தான் இருந்தது. கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான் உங்களைப் பார்த்தேன், சுனில் ஐயா என்னைப் பார்த்தார். வெளியே யாரோ மோட்டர்சைக்கிளை ஸ்டார்ட் பண்ண உதைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ரீட்டாதான் எழும்பினாள்.

"இந்த மன்னிப்ப நான் கறி வைக்க ஏலுமா? அவருக்குக் கை இல்ல. உனக்கு ரெண்டு கை இருக்கு. ஒண்ட எங்களுக்குத் தா."

ஆமினா துள்ளி எழும்பி மகனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வெட்டித் தரச் சொல்லல்ல," என்றாள் ரீட்டா. "அவர்ட போட்டில வந்து வலைய இழு. அவர் எஞ்சினப் பாப்பார், நீ இழு. அவர்ட கை நீதான்."

றிஸ்வான் உம்மாவுக்குப் பின்னாலிருந்து, "வாறன்" என்றான். அவ்வளவுதான் ஒப்பந்தம். நாம் அதை எழுதிக் கையெழுத்துக்கூட வாங்கவில்லை.

அது நடந்தது, அக்கா. நம்பாதவர்கள் எல்லாம் இறங்குதுறையில் நின்று பார்த்தார்கள். ஒரே போட்டில் பின்னால் அந்தோனி, முன்னால் றிஸ்வான். தன் தொழிலுக்குப் போகாத நாட்களில் அவன் அந்தப் போட்டில் போனான். நத்தார் பண்டிகைக்கு ரீட்டா வீட்டிலிருந்து கேக் போனது. பெருநாளுக்கு ஆமினா வட்டிலாப்பம் அனுப்பினாள். போன்களில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அலுத்துப்போய் வேறு எதையோ எழுதப் போய்விட்டார்கள். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தோனி மட்டும் படத்துக்கு நிற்கவில்லை. வெட்கப்படுகிறார் என்று நாம் நினைத்தோம். அப்படித்தானே நினைத்தோம்?

நம் இரண்டு பேருக்கும் ஒரு சண்டை இருந்தது. அது தீராமலே நீங்கள் போய்விட்டீர்கள். அந்த முதல் கூட்டம் முடிந்து கல்பிட்டிக்குத் திரும்பி வருகிற போட்டில் நான்தான் தொடங்கினேன்.

"அக்கா, அவன் கண்டானா காணல்லையா எண்டு ஒருத்தரும் கேக்கவே இல்லையே."

"கேக்கத் தேவையில்ல."

"எப்படித் தேவையில்லாமப் போகும்? அதுதானே விஷயம்?"

தண்ணீர் தெறித்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "கேட்டா அவன் சொல்லுவான், கமீலா. சொன்னா, அதை அந்த ரெண்டு பேரும் எங்க கொண்டுபோய் வைக்கிறது? அந்தச் சின்னப் போட்டுக்குள்ளயா?"

அதற்குப் பிறகு எத்தனை முறை இதையே கதைத்திருப்போம்? பஸ்ஸில், கடைக்கு மேலே அறையில், உங்கள் வீட்டில் மீன் கழுவிக்கொண்டு. உங்கள் அண்ணன்மார் இருவரும் கரைவலைப் பங்குக்காக மண்டை உடைய அடித்துக்கொண்ட கதையைச் சொன்னீர்கள். நீங்கள் நடுவில் பாய்ந்து உங்களுக்கும் விழுந்ததாம். "யார் முதல் அடிச்சது எண்டு இண்டைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் கதைக்கல்ல. ஒரே வலையத்தான் இழுக்கிறாங்க. கதைச்சிருந்தா ரெண்டு வலை ஆகியிருக்கும்." இந்த வேலைக்கு உங்களைக் கொண்டுவந்தது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என்னைக் கொண்டுவந்தது என் வாப்பா. எங்களை வடக்கிலிருந்து அனுப்பியபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. வாப்பாவுக்கு எல்லாம் ஞாபகம். கரைத்தீவில் கிடுகுக் கொட்டிலில் தொடங்கி, கல்வீடு கட்டி, பேரப்பிள்ளைகளையும் கண்டார். விட்டுவந்த வீட்டைப் பற்றி அவர் கதைத்ததே குறைவு. ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆராவது ஒருத்தன் வந்து, நாங்க செஞ்சது பிழை எண்டு ஒரு சொல் சொன்னாக் காணும்." யாரும் வரவில்லை. வாசலில் ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டால் கடைசிக் காலத்தில் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து, சொல்லாத சொல் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கோ, சொன்ன சொல் என்ன செய்யும் என்று தெரியும். நாம் இரண்டு பேரும் சரியாகத்தான் இருந்தோமோ? இல்லை, இரண்டு பேருமே பிழையோ?

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். புத்தளத்தில் என்னோடு தேத்தண்ணீர் குடித்துவிட்டு, நாளைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டு, பின்னேர பஸ்ஸில் ஏறினீர்கள். ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தீர்களாம். நித்திரை என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். உங்களோடு எப்போதும் சண்டை பிடிக்கிற அதே கொண்டக்டர்தான், "அக்கே, உடப்புவ ஆவா, உடப்பு வந்திட்டு" என்று தோளைத் தொட்டிருக்கிறான். இருதயம் என்று சொன்னார்கள். செத்த வீட்டில் அவன் மூலையில் நின்று அழுததைப் பார்க்க உங்களுக்கு நல்லாயிருந்திருக்கும்.

றிஸ்வானும் வந்திருந்தான். யாரோடும் பேசவில்லை. சவத்தைத் தூக்கும்போது கொஞ்சத் தூரம் பின்னால் நடந்து வந்தான், பிறகு காணவில்லை.

அதற்குப் பிறகு அவன் அந்தோனியின் போட்டுக்குப் போகவில்லை. முதலில் காய்ச்சல் என்றார்கள். பிறகு எஞ்சின் பழுது என்றார்கள். ரீட்டா ஆமினாவின் வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறாள். ஆமினா வாசலில் வைத்தே, "பேச்சு அந்த உடப்பு அக்காவோட. அவவே இல்ல. இனி என்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல் தீவு முழுக்கப் போனது. அடுத்த கிழமை றிஸ்வானுடைய வலை மறுபடியும் வெட்டப்பட்டது. ஜூட்டைத் தேடிக்கொண்டு பெடியன்கள் கூட்டமாகப் போனார்கள். அவனும் தனியாக இருக்கவில்லை. மண்வெட்டிப் பிடியும் துடுப்புமாக இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்கள். பாதிரியாரும் மௌலவியும் ஓடிவந்து கலைத்துவிட்டிருக்கிறார்கள்.

உண்மையாகவே கேட்கிறேன், அக்கா. ஒரு பேச்சு, பேசிவைத்த ஆளோடு செத்துப்போகுமா? அப்படியென்றால் இத்தனை வருஷம் நாம் என்னத்தைக் கட்டினோம்? எப்போதும் இதே நினைப்புத்தான். ஸ்கூலில் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த கணக்கையே பிழையாக எழுதிவிட்டு, அவர்கள் சிரித்த பிறகுதான் பார்த்தேன். சுனில் ஐயாதான் ஒருநாள் வந்து நின்று, "மிஸ், இங்க இருந்து யோசிச்சா நமக்குத்தான் வருத்தம். போவம்" என்றார்.

போனோம். அதே பாலர் பாடசாலை, அதே ஆட்கள், அதே சின்னக் கதிரைகள். உங்கள் இடம் மட்டும் வெறுமை. நான் அதில் உட்காரவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். நீங்கள் செய்தால் வேலை செய்கிறது. நான் செய்தபோது ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜூட் தொடங்கினான். "அண்டைக்கே இவன உள்ள போட்டிருக்கோணும். கூட்டம் வச்சுக் கதைச்சு, இப்ப எங்களுக்கே சண்டித்தனம் காட்டுறாங்க."

"ஆர் சண்டித்தனம்?" என்றாள் ஆமினா. "என்ட புள்ளட வலைய வெட்டினது ஆரு? அவன் மாசக்கணக்கா உங்களுக்கு மாடு மாதிரி வேல செஞ்சான்."

"மாடு மாதிரியா? அவன்தானே வாறன் எண்டான்!" ரீட்டா.

நீங்கள் இருந்தால் இதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் இருக்க முயன்றேன். கையைப் பிசைந்தேன், கதிரையை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்தேன். எழும்பி ஜன்னலடிக்குப் போனேன். திரும்பியபோதுதான் அந்தோனியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றிய கூட்டத்தில், யாருடைய வீட்டுக்கோ வந்து வாசலில் காத்திருக்கிற ஆள் மாதிரி.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கை கேட்டது ரீட்டா. சண்டை பிடித்தது ஜூட். றிஸ்வானிடம் கேட்பதா வேண்டாமா என்று நீங்களும் நானும் அத்தனை நாள் தர்க்கம் பண்ணினோம். அந்தோனியிடம் நாம் ஒன்றுமே கேட்கவில்லை, அக்கா. கை போன மனிதனிடம், முதல் கூட்டத்திலிருந்து அன்றைக்கு வரைக்கும், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருக்கும்போதே நான் கேட்டேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. "அந்தோனி அண்ணன், உங்களுக்கு என்ன வேணும்?"

கத்தல் நின்றது. அந்தோனி கூரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு றிஸ்வானைப் பார்த்தார்.

"எனக்குக் கை வேணாம்," என்றார். "அண்டைக்குக் காலம்பிற நீ என்னைக் கண்டியா, இல்லையா?"

ஆமினா, "அவன்தான் அண்டைக்கே சொன்னானே..." என்று தொடங்கினாள். றிஸ்வான் கையை நீட்டி உம்மாவைத் தடுத்தான்.

"கண்டன்," என்றான்.

சுனில் ஐயா சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

"கண்டன். வலைய வெட்டின கோவம். கிட்ட வந்து அலையடிச்சிப் பயங்காட்டிட்டுத் திரும்புவம் எண்டுதான் வந்தன். திருப்பினன், திரும்பல்ல. வெயில் எண்டு சொன்னது பொய்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னான்: "ஈஸ்வரி அக்கா இரிக்கக்குள்ள, அவ கேக்க மாட்டா, ஒருத்தரையும் கேக்க விடவும் மாட்டா எண்டு தெரியும். அவ மவுத்தான பொறகு, போட்டில ஏறினா நீங்க இப்ப கேப்பீங்க, இப்ப கேப்பீங்க எண்டு இரிந்திச்சி. அதான் வரல்ல."

ஜூட் பாய்ந்தான். சின்னக் கதிரைகள் நாலு பக்கமும் உருண்டன. சுனில் ஐயா எங்கிருந்து அந்த வேகத்தில் வந்தாரோ தெரியாது, அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "பொட்டக் இன்ன மல்லி, பொட்டக் இன்ன, கொஞ்சம் பொறு தம்பி" என்று குழந்தைக்குச் சொல்வது போல் சொல்லிக்கொண்டே நின்றார். ஒரு முழங்கை அவருடைய வாயில் பட்டு உதடு வெடித்துவிட்டது.

"விடு, ஜூட். இரு," என்றார் அந்தோனி. சத்தம் போடவில்லை. ஜூட் நின்றுவிட்டான்.

பிறகு றிஸ்வானிடம் சொன்னார்: "எனக்குத் தெரியும். நீ வரேக்குள்ள உன்ட முகத்த நான் கண்டன். சிரிச்சுக்கொண்டு வந்தாய். பிறகு அந்த முகம் மாறினதையும் கண்டன். இவ்வளவு நாளும் உன்ன என்ட போட்டில ஏத்தினது வலை இழுக்கவா? நீ எப்ப சொல்லுவாய் எண்டுதான் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டிருந்தன்."

றிஸ்வான் அழுதான். அந்தோனி அழவில்லை. தேற்றவும் இல்லை. எழும்பினார், வெறுமையாய்த் தொங்கிய சேர்ட் கையைச் சரிசெய்தார். "சொல்லிட்டாய். சரி. இனி என்ட போட்டுக்கு வராத" என்றார். வெளியே போய்விட்டார். ரீட்டா எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அவருக்குப் பின்னால் ஓடினாள்.

அவ்வளவுதான், அக்கா. அந்தக் கூட்டம் அப்படித்தான் முடிந்தது. கைகுலுக்கல் இல்லை, தேத்தண்ணீர் இல்லை. திரும்பி வருகிற போட்டில் சுனில் ஐயா உதட்டில் கைலேஞ்சியை வைத்து அழுத்திக்கொண்டு இருந்தார்.

இனி என்ன ஆனது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன்.

ஜூட் பொலிசுக்குப் போகப்போகிறேன் என்றான். அந்தோனி, "கை உன்டயா என்டயா?" என்று கேட்டாராம். அதிலிருந்து அண்ணனும் தம்பியும் சரியாகக் கதைப்பதில்லை. வலை வெட்டுவது நின்றிருக்கிறது. பயத்தினாலா, வெட்கத்தினாலா, யார் கண்டது. கேக்கும் வட்டிலாப்பமும் இந்த வருஷம் போகவில்லை. றிஸ்வான் கடலுக்குப் போவதில்லை. போட்டை இழுத்துக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, புத்தளத்தில் உப்பு வயலில் கூலிக்குப் போகிறான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டு நின்றான். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டீச்சர், ஈஸ்வரி அக்காவுக்குத் தெரிஞ்சிருந்திச்சா?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மைதான். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்ததா, அக்கா? முதல் நாளே அவனுடைய முகத்தில் கண்டுவிட்டீர்களா? கண்டுதான் "கேக்கத் தேவையில்ல" என்றீர்களா?

அந்தோனி வீட்டுக்குப் போனேன். ரீட்டா ஈர உடுப்போடு நின்றாள். இப்போது அவள்தான் போட்டில் போய் வலை இழுக்கிறாள். அந்தத் தீவில் பெண்கள் வலையைச் சிக்கெடுப்பார்கள், நண்டைக் கழற்றுவார்கள், கடலுக்குப் போவதில்லை. சனம் பார்க்கிறது, பார்க்கட்டும் என்கிறாள். இரண்டு உள்ளங்கையும் வெடித்துப்போய் இருக்கின்றன. "நல்லா வந்து சேந்தீங்க டீச்சர், வலை இழுக்க எனக்கிருந்த ஒரு ஆளையும் இல்லாமச் செஞ்சிட்டீங்க" என்றாள். கோபம்தான், சந்தேகமில்லை. நான் எழும்பிப் போகலாமா என்று பார்த்தேன். அவள் வலையை உதறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஆனா இப்பதான் அந்த மனுசன் படுத்தா நித்திர கொள்றார். முந்தியெல்லாம் கண்ண மூடினா எழும்பி இருப்பார். கேட்டாச் சொல்ல மாட்டார்" என்றாள்.

ஒப்பந்தம் முறிந்தது. அந்தோனிக்கு நித்திரை வந்தது. இது இரண்டையும் அறிக்கையின் எந்தக் கட்டத்தில் போட்டு அனுப்புவது என்று தெரியாமல்தான் கொழும்புப் பிள்ளைக்கு மறுபடி கோல் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். "அப்ப இது வெற்றியில்லையா மிஸ்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் பொய் இல்லை. அவள் அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். உங்கள் படத்தை மட்டும் போடச் சொன்னேன், கதையை நாங்கள் வேறு இடத்தில் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டேன். சுனில் ஐயா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "ஹரி" என்று தலையை ஆட்டினார். சரி என்பதற்கு அவருக்கு அதைவிடப் பெரிய சொல் இல்லை.

இன்னும் ஒரு வீடு இருக்கிறது. ஆமினாவின் வீடு.

முதல் முறை போனபோது, அவள் ஜன்னலில் நின்று பார்த்தும் கதவைத் திறக்கவில்லை. அடுத்த முறை திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. "நல்லாத்தானே போய்க்கிட்டு இரிந்திச்சி. அவனும் கடலுக்குப் போனான், அவங்களும் தின்டாங்க, ஊரும் சும்மா இரிந்திச்சி. ஏன் கிண்டினீங்க? இப்ப என்ட புள்ள ஊருக்கே பொய்யன்" என்றாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. உயிரோடிருந்தால் இதே வார்த்தைகளைத்தான் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அவளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நீங்கள்தான் என்னைத் திட்டுவது மாதிரி இருந்தது. அதனால் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுபடியும் போனேன். இந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு "எழுதுங்க" என்றது அவள்தான். நான் படியிறங்கும்போது கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு அவன் ஊட்டில இரிப்பான். ஏலுமெண்டா வாங்க."

எதற்கு என்று சொல்லவில்லை. என்னைத் திட்டுவதற்கு இன்னும் மிச்சம் இருக்கலாம். மகனை மறுபடி கடலுக்குப் போகச் சொல்லும்படி என்னிடம் கேட்கலாம். சும்மா தேத்தண்ணீர் தந்து அனுப்பியும் விடலாம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று மனதுக்குள் நூறு விதமாகக் கதைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் சரியாக இல்லை.

நேற்று உடுப்புத் துவைத்துக்கொண்டிருக்கும்போது ஒன்று பட்டது, அக்கா. முதல் கூட்டத்தில் மகனுக்கு முன்னால் பாய்ந்து நின்றவள் அவள். அடுத்த கூட்டத்தில் அவனுக்காகப் பேசியவள் அவள். அந்தப் பொய்யைத் தெரிந்தோ தெரியாமலோ அவனோடு சேர்ந்து அதே வீட்டில் சுமந்தவளும் அவள். அவளிடமும் நாம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை போட்டுக்கு நானும் சுனில் ஐயாவும் கல்பிட்டியில் நிற்போம். ரீட்டா வீட்டுக்கு முதலில் போவேன், அவள் என்ன சொன்னாலும் கேட்பேன். பிறகு ஆமினா வீட்டுக்குப் போவேன். உள்ளே கூப்பிட்டால் உள்ளே, வாசலில் நிற்கவைத்தால் வாசலில். றிஸ்வானைப் பற்றி ஒரு வார்த்தை தொடங்குவதற்கு முந்தி, உங்களுக்கு என்ன வேணும் ஆமினா என்று அவளிடம் கேட்பேன். கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்கும்வரை, எவ்வளவு நேரம் என்றாலும், எழும்பாமல், ஜன்னலடிக்குப் போகாமல், கையைப் பிசையாமல் இருப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

உடன்பிறக்காமல் உங்களோடு சண்டை பிடித்தே தங்கச்சியான,
கமீலா